தெரிந்த நாளும் தெரிவித்த நாளும்

2014 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் (ஜி.எம்.) நிறுவனம் செவர்லே கோபால்ட், சாட்டர்ன் அயான் போன்ற தன் சிறிய கார்களைத் திரும்ப அழைக்கத் தொடங்கியது. சாவி நுழையும் இக்னிஷன் சுவிட்ச், நிற்க வேண்டிய இடத்தில் உறுதியாக நிற்கவில்லை. சாவிக்கொத்து கனமாக இருந்தாலோ, ஓட்டுபவரின் முழங்கால் இடித்தாலோ, ஓடிக்கொண்டிருக்கும் வண்டியிலேயே அது நழுவிவிடும். எஞ்சின் அணையும், ஸ்டியரிங் இறுகும், பிரேக் மிதிக்கக் கூடுதல் பலம் வேண்டியிருக்கும். இவை எல்லாவற்றையும்விடக் கொடியது, மோதும் நேரத்தில் ஏர்பேக் விரியாது.

இந்தக் கோளாறை நிறுவனத்தின் பொறியாளர்கள் 2001-லேயே, அயான் சந்தைக்கு வருமுன்பே, கவனித்திருந்தார்கள். 2005-ல் டீலர்களுக்கு ஒரு சுற்றறிக்கை போனது: யாராவது புகார் சொன்னால், சாவிக்கொத்தில் உள்ள தேவையற்ற பொருள்களைக் கழற்றிவிடச் சொல்லுங்கள் என்று. 2006-ல் சுவிட்சின் அமைப்பை மாற்ற ஒரு பொறியாளர் ஒப்புதல் கொடுத்தார். ஆனால் பாகத்தின் எண் மாற்றப்படவில்லை. பழைய சுவிட்சும் புதிய சுவிட்சும் ஒரே எண்ணில் கிடந்ததால், விபத்துகளை ஆராய்ந்தவர்கள் வருடக்கணக்கில் குழம்பினார்கள். பிற்பாடு அமைக்கப்பட்ட இழப்பீட்டு நிதி 124 மரணங்களுக்குப் பணம் வழங்கியது. 2015-ல் வழக்கை முடித்துக்கொள்ள நிறுவனம் அமெரிக்க அரசுக்கு 90 கோடி டாலர் கட்டியது.

அதே 2014-ல் ஜி.எம். உலகெங்கும் 99 லட்சத்துக்கு மேல் வண்டிகள் விற்றது. அந்த நிறுவனம் அதற்கு முன் எட்டாத எண்ணிக்கை அது.

குறையை நேர்மையாகச் சரிசெய்தால் வாடிக்கையாளர் தங்குவார், மறைத்தால் போய்விடுவார் என்று மேலாண்மைப் பாடங்கள் சொல்கின்றன. மேலே சொன்ன இரண்டு உண்மைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தப் பாடம் பாதிதான் தேறும். கார் நிறுவனங்கள் குறைகளைக் கையாண்ட முறைகளை அரை நூற்றாண்டு நீளத்துக்குப் புரட்டிப் பார்த்ததில் எனக்குத் தோன்றுவது இதுதான்: குறை நிறுவனத்துக்குத் தெரிந்த நாளுக்கும் உரிமையாளருக்குத் தெரிவித்த நாளுக்கும் நடுவே எவ்வளவு காலம் ஓடியது என்பதே ஒரு நிறுவனத்தை எடைபோடச் சரியான அளவு. அந்தக் காலத்தை வாடிக்கையாளரின் விசுவாசம் தானாகச் சுருக்கிவிடும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

பொருளியலறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-ல் ‘எக்ஸிட், வாய்ஸ் அண்ட் லாயல்ட்டி’ என்றொரு சிறு நூல் எழுதினார். ஒரு பொருளின் தரம் தாழும்போது வாங்கியவருக்கு இரண்டு வழிகள் உண்டு. விலகிப் போகலாம், அல்லது குரல் எழுப்பலாம். விசுவாசம் உள்ளவர் சட்டென்று விலகமாட்டார், முதலில் குரல்தான் எழுப்புவார். அப்படிப் பார்த்தால், மூன்றாம் முறையாக சர்வீஸ் சென்டருக்கு வந்து “அதே சத்தம் இன்னும் வருதுங்க” என்று சொல்பவர்தான் அந்த நிறுவனத்திடம் மிச்சமிருக்கும் நல்ல வாடிக்கையாளர். பல இடங்களில் அவருக்குத்தான் தொந்தரவுக்காரர் என்ற பெயர். ஹிர்ஷ்மன் இன்னொரு ஆபத்தையும் சுட்டினார். போட்டி நிறுவனங்கள் எல்லாமே ஒரே மாதிரிக் குறைகளோடு இருந்தால், மனம் வெறுத்தவர்கள் இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்குமாக மாறிக்கொண்டே இருப்பார்கள். போனவர் இடத்தில் வேறொருவர் வந்து விடுவதால் எந்த நிறுவனத்துக்கும் உறைக்காது. ஜி.எம்மின் 2014 விற்பனையைப் புரிந்துகொள்ள இது ஓரளவு உதவுகிறது.

ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. ரீகால், அதாவது வண்டிகளைத் திரும்ப அழைப்பதாக அறிவித்தால், குறையைச் சரிசெய்ய ஆகும் செலவைவிடப் பல மடங்கு நட்டம் பங்குச் சந்தையில் ஏற்படுகிறது என்று 1985-ல் ஜாரலும் பெல்ட்ஸ்மனும் எழுதினார்கள். மூன்றே ஆண்டுகளில் ஹாஃபர், ப்ரூயிட், ரைலி மூவரும் அதே தரவுகளைத் திருத்தி அலசி, அப்படிப் பெரிய நட்டம் தெரியவில்லை என்றார்கள். 2006-ல் ரீயும் ஹான்ஷில்டும் அமெரிக்கக் கார் சந்தையை ஆராய்ந்து சொன்னது இன்னும் கூர்மையானது: நல்ல பெயர் உள்ள நிறுவனம்தான் ரீகாலால் அதிகம் அடிபடுகிறது. எதிர்பார்ப்பு உயர்ந்திருந்தால் ஏமாற்றமும் உயரும். குறையைச் சிறப்பாகச் சரிசெய்துவிட்டால், குறையே வராதவரைவிட அந்த வாடிக்கையாளர் கூடுதல் திருப்தி அடைவார் என்றும் ஒரு கருத்து சேவைத் துறையில் வெகுகாலமாக உலவுகிறது. அதைப் பற்றிய ஆய்வுகளை எல்லாம் 2007-ல் தொகுத்துப் பார்த்தபோது திருப்தி கூடுவது உறுதியானது, மறுபடி அங்கேயே வாங்குவார் என்பது உறுதியாகவில்லை. மனிதர் நன்றி சொல்லிவிட்டு அடுத்த முறை வேறு ஷோரூமுக்குப் போகக்கூடும்.

இருந்தும், நல்ல கையாளுதல் வீணில்லை என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்ல வேண்டும்.

முதலாவது லெக்ஸஸ். டொயோட்டா தன் உயர்விலைக் காரை அமெரிக்காவில் 1989 செப்டம்பரில் இறக்கியது. டிசம்பரிலேயே, கைவிரல்விட்டு எண்ணக்கூடிய புகார்கள் வந்த நிலையில், விற்ற 8,000 வண்டிகளையும் திரும்ப அழைத்தது. மின் இணைப்பிலும் பிரேக் விளக்கிலும் கோளாறு. மெக்கானிக்குகள் வீடு தேடிப் போய் வண்டியை எடுத்து, சரிசெய்து, கழுவி, பெட்ரோல் நிரப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். 20 நாட்களில் வேலை முடிந்தது. புதிதாகப் பிறந்த பெயருக்கு அதுவே நல்ல பெயராகிவிட்டது. தெரிந்த நாளுக்கும் தெரிவித்த நாளுக்கும் நடுவே வாரங்கள்கூட அதிகம் ஓடவில்லை என்பதைத்தான் நான் இதில் முதலில் பார்க்கிறேன். கழுவிக் கொடுத்தது அதற்குப் பிறகுதான்.

இரண்டாவது, ஜி.எம்மின் கீழேயே தனிப் பெயராகத் தொடங்கிய சாட்டர்ன். 1991-ல் ஒரு சப்ளையர் அனுப்பிய கூலண்ட் தவறான கலவையாக இருந்து எஞ்சினை அரித்தது. பாதிக்கப்பட்டவை 1,836 கார்கள். கூலண்டை மாற்றித் தருவதோடு நிறுவனம் நிற்கவில்லை, கார்களையே மாற்றிப் புதுக் கார் கொடுத்தது. 1994-ல் டென்னசி மாநிலத்து ஸ்பிரிங் ஹில் ஆலைக்கு உரிமையாளர்களை விருந்துக்கு அழைத்தபோது, 40,000-க்கும் மேற்பட்டோர் தங்கள் செலவில் வந்து சேர்ந்தார்கள். ஒரு சிறு காருக்கு இத்தனை பாசமா என்று அமெரிக்கப் பத்திரிகைகள் வியந்தன.

அந்த சாட்டர்ன் பெயரில்தான், பத்தாண்டு கழித்து, நழுவும் சுவிட்சோடு அயான் கார் வந்தது. அதற்குள் சாட்டர்னின் தனித்தன்மையைத் தாய் நிறுவனம் கரைத்துவிட்டிருந்தது. விருந்துக்கு வந்தவர்களின் நம்பிக்கை ஒரு பட்டறைப் பண்பாட்டின்மீது வைத்தது. பெயர்ப்பலகை மட்டும் மிஞ்சி, பண்பாடு போனபின்னும் வாடிக்கையாளர் பெயர்ப்பலகையை நம்பிக்கொண்டிருந்தார். விசுவாசத்தில் எனக்கு அச்சம் தரும் பகுதி இதுதான். அது நிறுவனத்தைத் திருத்துவதற்குப் பதில், நிறுவனம் மாறிவிட்டதை வாடிக்கையாளர் கண்ணிலிருந்து சில வருடம் மறைத்துவிடும். 2010-ல் அந்தப் பெயரே மூடப்பட்டது.

இனி, வாடிக்கையாளர்மீதே பழியைத் திருப்பும் வழக்கம். நம் ஊர் சர்வீஸ் சென்டர்களிலும் அன்றாடம் கேட்கும் பேச்சு இது: “கிளட்ச்சுல கால வச்சிட்டே ஓட்டுறீங்க சார்”, “எல்லா வண்டியிலயும் இப்படித்தான் இருக்கும்.” ஆஸ்திரேலியாவில் இந்தப் பேச்சுக்கு ஒரு விலை நிர்ணயமானது. ஃபோர்டின் பவர்ஷிஃப்ட் கியர்பாக்ஸ் பொருத்திய ஃபியஸ்டா, ஃபோகஸ், எகோஸ்போர்ட் கார்கள் அங்கே சுமார் 70,000 விற்றிருந்தன. வண்டி உதறுகிறது என்று வந்தவர்களிடம், ஓட்டும் விதம்தான் காரணம் என்று சொல்லியனுப்பினார்கள். கியர்பாக்ஸில் தரக் கோளாறு இருப்பது நிறுவனத்துக்குத் தெரிந்தே இருந்தது. மாற்று வண்டி கேட்டவர்களிடம் கூடுதல் பணமும் வாங்கப்பட்டது. நுகர்வோர் ஆணையம் தொடுத்த வழக்கில் 2018-ல் கூட்டாட்சி நீதிமன்றம் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அபராதம் கியர்பாக்ஸ் கெட்டதற்காக அல்ல, வாடிக்கையாளர்களை நடத்திய விதத்துக்காக.

ஆடியின் கதை இதைவிடச் சிக்கலானது. 1986 நவம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியின் ‘60 மினிட்ஸ்’ நிகழ்ச்சி, ஆடி 5000 கார் தானாகவே சீறிப் பாய்கிறது என்று காட்டியது. காட்டிய செயல்விளக்கமே செயற்கையாக ஏற்பாடு செய்யப்பட்டது என்பது பின்னால் வெளிவந்தது. 1989-ல் அரசு ஆய்வு, பெரும்பாலான நிகழ்வுகளில் ஓட்டுநர் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்திருக்கிறார் என்று முடிவு சொன்னது. அதாவது, ஆடி ஆரம்பத்திலிருந்தே சொல்லிவந்தது பெரும்பாலும் சரி. ஆனால் 1985-ல் 74,061 கார்கள் விற்ற நிறுவனம் 1991-ல் 12,283-க்கு இறங்கியது. தன் பிள்ளையை இடித்துவிட்ட தாயிடம் “நீங்கள் தப்பாக மிதித்தீர்கள்” என்று நிறுவனம் சொன்னால், சொன்னது உண்மையானாலும் கேட்பவர் காதில் அது கொடுமையாகவே விழும். பிரேக்கை மிதித்தால்தான் கியர் நகரும் என்ற பூட்டை ஆடி பின்னர் பொருத்தியது. தவறு மனிதருடையதே என்றாலும் அந்தத் தவறு நேராமல் தடுக்கும் வேலை பொறியாளருடையது. அதை முதல் நாளே ஒப்புக்கொண்டிருந்தால் சரிவு இத்தனை ஆழம் போயிருக்காது என்பது என் கணிப்பு.

பழியைத் திருப்புவதன் கடைக்கோடியை மிட்சுபிஷியில் பார்க்கலாம். வாடிக்கையாளர் புகார்களை அரசுக்குத் தெரியாமல் 1977 முதலே ஒளித்துவைத்ததாக 2000-ல் அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. அரசுக்குக் காட்ட ஒரு கோப்பு, உள்ளுக்குள் ஒரு கோப்பு. அத்தோடு திருந்தியிருக்க வேண்டும். 2002-ல் யோகோஹாமாவில் ஒரு மிட்சுபிஷி லாரியின் சக்கரம் கழன்று ஓடி, குழந்தைகளோடு நடந்துபோன ஓர் இளம் தாயைக் கொன்றது. லாரி உரிமையாளர்களின் பராமரிப்பு சரியில்லை என்றார்கள். 2004-ல்தான் ஹப் வடிவமைப்பிலேயே குறை என்பதை ஏற்றார்கள். அந்த ஆண்டு முன்னாள் தலைவர் கைதானார், கூட்டாளியான டெய்ம்லர் இனிப் பணம் போட மறுத்தது, ஜப்பானில் விற்பனை குப்புற விழுந்தது. வாடிக்கையாளர் விலகல் ஒரு நிறுவனத்தை உண்மையிலேயே தண்டித்த அரிய வழக்கு இது. அதற்கும் இரண்டு முறை பிடிபட வேண்டியிருந்தது.

நல்ல கையாளுதல், தாமதம் என்ற இரண்டு பாடங்களையும் ஹூண்டாய் ஒரே நிறுவனமாக நடத்திக் காட்டியது. 1986-ல் அமெரிக்காவில் எக்ஸல் காரை முதல் ஆண்டிலேயே 1,68,882 விற்றது. சீக்கிரமே தரம் கெட்டுப் பெயரும் கெட்டது. 1998-ல் எஞ்சின், கியர்பாக்ஸுக்கு 10 ஆண்டு அல்லது 1,00,000 மைல் வாரண்டி அறிவித்தது. வாரண்டி என்பது விளம்பரம் மட்டுமல்ல. கெட்டுப்போனால் செலவு தன் தலையில் என்று நிறுவனம் எழுதிக் கொடுப்பதால், தொழிற்சாலைக்குள் தரத்தைக் கவனிக்க வேண்டிய கட்டாயம் தனக்கே வந்துசேரும். அப்படித்தான் வந்தது. ஆனால் 2015-ல் அதே நிறுவனத்தின் தீட்டா எஞ்சின்களில், உற்பத்தியின்போது தங்கிய உலோகத் துகள்களால் எண்ணெய் ஓட்டம் அடைபட்டு, பேரிங் தேய்ந்து, எஞ்சின் இறுகி நின்றது. 2015-ல் கொஞ்சம், 2017-ல் கொஞ்சம் என்று ரீகால் தவணை தவணையாக வந்தது. உள்ளிருந்த பொறியாளர் ஒருவர் அமெரிக்க அரசுக்கு ஆவணங்களைக் கொடுத்தார். 2020-ல் ஹூண்டாயும் கியாவும் 21 கோடி டாலர் அளவுக்கு உடன்பாடு செய்துகொண்டன. அந்தப் பொறியாளருக்கு 2021-ல் 2.4 கோடி டாலருக்கு மேல் வெகுமதி கிடைத்தது. வாரண்டியால் மறுபடி சேர்த்த நம்பிக்கையையும் தாமதம் தின்னத் தொடங்கியது.

வாடிக்கையாளர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தே அவருக்குக் கிடைக்கும் மரியாதை அமைகிறது என்பதைத் துலக்கமாகக் காட்டியது ஃபோக்ஸ்வாகன். 2015 செப்டம்பரில் வெளிவந்த டீசல் புகை மோசடி உலகெங்கும் 1.1 கோடி வண்டிகளைத் தொட்டது. சோதனைக்கூடத்தில் மட்டும் புகையைக் குறைக்கும் மென்பொருள் அது. அமெரிக்காவில் சுமார் 4.75 லட்சம் உரிமையாளர்களுக்கு, வண்டியைத் திரும்ப விற்கும் உரிமையும் ரொக்க இழப்பீடும் உள்ளடங்கிய 1,470 கோடி டாலர் உடன்பாடு. ஐரோப்பாவின் 85 லட்சம் வண்டிகளுக்கும், இந்தியாவில் திரும்ப அழைத்த 3.23 லட்சம் வண்டிகளுக்கும் பெரும்பாலும் மென்பொருள் திருத்தமே பதில். நம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் விதித்த 500 கோடி ரூபாய் அபராதத்துக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. ஒரே குற்றத்துக்கு இத்தனை வேறுபாடு எங்கிருந்து வந்தது? அமெரிக்க வாடிக்கையாளர் கூடுதல் விசுவாசி என்பதாலா? அங்கே சட்டத்துக்குப் பல் இருந்தது, அவ்வளவுதான். 2016-ல் உலக விற்பனையில் முதலிடம் ஃபோக்ஸ்வாகன் குழுமத்துக்கே கிடைத்தது.

இந்தியாவுக்கு வருவோம். ஒரு லட்ச ரூபாய் கார் என்று நாடே கொண்டாடிய டாடா நானோ 2010-ல் சில இடங்களில் தீப்பிடித்தது. நிறுவனம் ரீகால் என்ற சொல்லைத் தவிர்த்து, இலவச மேம்பாடு என்று சொல்லி எக்ஸாஸ்ட் பகுதியிலும் மின்சுற்றிலும் கூடுதல் காப்பு பொருத்தித் தந்தது. 2010 நவம்பரில் நாடு முழுக்க விற்ற நானோக்கள் 509. கடன் கிடைப்பதில் சிக்கல், விலை உயர்வு என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் முதல் காருக்காகச் சேமித்த குடும்பங்கள் எதிர்பார்த்தது ஒரு நேரடியான வாக்கியம்: இன்ன பாகத்தில் கோளாறு, இன்ன தேதிக்குள் மாற்றித் தருகிறோம். அது கிடைக்கவில்லை.

2012-ல் இந்திய வாகன உற்பத்தியாளர் சங்கம் தானாக முன்வந்து ரீகால் செய்வதற்கு ஒரு நெறிமுறை வகுத்தது. சட்டம் அமலுக்கு வர இன்னும் ஒன்பது ஆண்டு ஆனது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, 2021 ஏப்ரல் 1 முதல் அரசே கட்டாய ரீகால் உத்தரவிட வழிசெய்தார்கள். விற்பனைக்கு ஏற்பக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் புகார்கள் சேர வேண்டும், அபராதம் அதிகபட்சம் 1 கோடி ரூபாய். இந்த ஏற்பாட்டில் எனக்கு அடிப்படையான மனக்குறை ஒன்று உண்டு. குறையை நிரூபிக்கும் சுமை மறுபடியும் உரிமையாளர் தலையிலேயே விழுகிறது. எந்தப் பாகம் எத்தனை வண்டியில் உடைகிறது என்பது நாடெங்கும் உள்ள சர்வீஸ் சென்டர்களின் ஜாப் கார்டுகளில் முதலில் பதிவாகிறது. அவை நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. ஃபயர்ஸ்டோன் டயர்கள் பிய்ந்து ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர்கள் உருண்டு 271 பேர் இறந்தபின், 2000-ல் அமெரிக்கா இயற்றிய சட்டம் இதைத்தான் பிடித்தது: வாரண்டிக் கோரிக்கைகள், காயம், மரணம் பற்றிய தரவுகளை நிறுவனமே காலாண்டுக்கு ஒருமுறை அரசிடம் கொடுக்க வேண்டும். நம் சட்டத்திலும் அப்படியொரு கட்டாயம் வேண்டும்.

நீதிமன்றம் ஓரிடத்தில் உரிமையாளர் பக்கம் தெளிவாக நின்றது. விபத்தில் ஏர்பேக் விரியாத ஒரு கிரெட்டா கார் வழக்கில், 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஹூண்டாயின் மேல்முறையீட்டை ஏற்கவில்லை. மோதலின் வேகத்தையும் விசையையும் கணக்கிட்டு எப்போது ஏர்பேக் விரியும் என்று தெரிந்துகொள்ளும் கடமை காரை வாங்கியவருக்கு இல்லை என்பது தீர்ப்பின் சாரம். இழப்பீட்டோடு மாற்று வண்டியும் தர வேண்டும் என்ற உத்தரவு நிலைத்தது.

அதே 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்ததில் ஒரு தந்தையும் அவருடைய மகளும் இறந்துபோனார்கள். நாட்டின் வேறு சில இடங்களிலும் ஸ்கூட்டர்கள் எரிந்தன. ஏப்ரலில் ஒகினாவா 3,215, ப்யூர் இ.வி. 2,000, ஓலா 1,441 என்று வண்டிகளைத் திரும்ப அழைத்தன. பேட்டரிக்கான பாதுகாப்பு விதிகள் அந்த ஆண்டின் இறுதியில்தான் இறுகின. முன்பே இறுகியிருக்க வேண்டிய விதிகள் அவை.

கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே ஓர் ஒப்பீடு இருக்கிறது. போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா ஆலை, ஓசூரில் டி.வி.எஸ். 2024-ல், ஓராண்டில் 10,000-க்கு மேற்பட்ட புகார்கள் தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு வந்ததன் பேரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஓலாவுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அவற்றில் 99.1 சதவீதத்தைத் தீர்த்துவிட்டதாக நிறுவனம் பதில் சொன்னது. சர்வீஸ் சென்டர் வாசல்களில் வரிசையாகத் தேங்கிய ஸ்கூட்டர்களின் படங்கள் ஊரெல்லாம் சுற்றின. டி.வி.எஸ்ஸும் 2024-ல், முந்தைய ஆண்டு ஜூலைக்கும் செப்டம்பருக்கும் நடுவே தயாரித்த ஐக்யூப் வண்டிகளில் ஒரு பாகத்தைச் சோதிக்க வேண்டும் என்று தானே அறிவித்து அழைத்தது. குறை இரு பக்கமும் இருந்தது. 2025-ல் மின்சார ஸ்கூட்டர் விற்பனையில் ஓலா முதலிடத்தை இழந்தது, டி.வி.எஸ். முன்னுக்கு வந்தது. விலை, டீலர்களின் பரப்பு, பழைய பெயர் எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு. இருந்தாலும், வேலைக்குப் போக ஒரே ஒரு வண்டி வைத்திருப்பவருக்கு, அது வாரக்கணக்கில் சர்வீஸில் கிடந்தால் அன்றாடமே நின்றுபோகிறது. டீசல் புகையை மன்னித்துவிட்ட சந்தை இந்தக் காத்திருப்பை மன்னிக்கவில்லை. விசுவாசம் தன் தோலில் பட்ட துன்பத்தைத்தான் கணக்கில் வைக்கிறது. பிறர் நுரையீரலில் சேர்ந்த புகையும், முகம் தெரியாத 124 பேரின் மரணமும் அந்தக் கணக்கில் ஏறுவதில்லை.

இரண்டாம் கையாக வண்டி வாங்கியவர் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. டகாடா நிறுவனம் செய்த ஏர்பேக்குகளின் விவகாரம் அதைக் காட்டியது. அமோனியம் நைட்ரேட் அடைத்த இன்ஃப்ளேட்டர் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் வருடங்கள் கழியக் கெட்டு, வெடிக்கும்போது உலோகச் சில்லுகளை ஓட்டுநர் முகத்தில் வீசியது. அமெரிக்காவில் மட்டும் 6.7 கோடி இன்ஃப்ளேட்டர்கள் ரீகாலில் சேர்ந்தன, ஃப்ளோரிடா போன்ற வெக்கை நிறைந்த மாநிலங்களுக்கு முன்னுரிமை தரப்பட்டது. இந்தியாவிலும் ஹோண்டா பல தவணைகளில் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது. ஆபத்து வண்டியின் வயதோடு கூடும் வகையைச் சேர்ந்தது. அதற்குள் வண்டி இரண்டு மூன்று கை மாறியிருக்கும். கடிதமும் குறுஞ்செய்தியும் முதல் உரிமையாளரின் பழைய எண்ணுக்குப் போகும். இப்போது ஓட்டுபவர் கம்பெனி சர்வீஸுக்குப் போகாமல் தெருமுனை மெக்கானிக்கிடம் விடுபவராக இருந்தால், செய்தி அவரைச் சேர வழியே இல்லை. அவரால் நிறுவனத்துக்கு வருமானமும் இல்லை, எனவே அவரைத் தேடும் ஆவலும் இல்லை.

ஜப்பான் இதற்கு 2018-ல் ஒரு வழி கண்டது. ஆபத்தான டகாடா இன்ஃப்ளேட்டரை மாற்றாத வண்டி, அங்கே கட்டாயமான வாகனத் தகுதிச் சோதனையில் தேறாது. ஜெர்மனியில் வாகனப் பதிவு அலுவலகம் இன்றைய உரிமையாளரின் முகவரியைத் தேடித் தருகிறது. தீவிரமான ரீகாலைப் புறக்கணிக்கும் வண்டியைச் சாலையிலிருந்தே விலக்கவும் முடியும். நம்மிடம் வாகன் தரவுத்தளத்தில் பெயர் மாற்றிய ஆர்.சி. விவரமும், இன்சூரன்ஸ் தேதியும், புகைச் சான்றிதழும் ஒரே வண்டி எண்ணின் கீழ் ஏற்கெனவே இருக்கின்றன. இன்சூரன்ஸ் புதுப்பிக்க எண்ணை அடித்ததும் நிலுவையில் உள்ள ரீகாலும் திரையில் வர வேண்டும். லாரிக்கும் டாக்ஸிக்கும் ரீகால் முடியாமல் எஃப்.சி. கிடைக்கக் கூடாது. உரிமையாளரைத் தேடிக் கண்டுபிடிக்கும் செலவு, அந்த வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், அதைச் செய்து விற்ற நிறுவனத்தையே சேர வேண்டும்.